சீலியாக் நோயுடன் மருந்து ஆய்வில் சேர்ந்த ஐந்து மாதங்கள்

"கோதுமை ஒவ்வாமை" என்று அந்தத் தாதி படிவத்தில் எழுதியதை நான் என் கண்ணாலேயே பார்த்தேன். எனக்கு இருப்பது ஒவ்வாமை அல்ல, சீலியாக் நோய். அதைச் சொல்லித் திருத்தச் சொல்ல எனக்கு அரை நிமிடம் போதும். ஆனால் அவர் காலையிலிருந்து ஓய்வில்லாமல் ஓடிக்கொண்டிருந்தார், எனக்குப் பின்னால் இன்னும் நான்கு பேர் காத்திருந்தார்கள், என்னிடம் மிகவும் அன்பாக நடந்துகொண்டார். ஏதோ ஒன்று எழுதியிருக்கிறாரே என்று விட்டுவிட்டேன். அந்த இரண்டு சொற்களுக்காகப் பிறகு ஐந்து மாதம் அலைந்தேன். என்னைப் போன்ற இன்னொருவர் அந்த நாற்காலியில் உட்கார்வதற்கு முன் இதைப் படிக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் என்னைப் பற்றிக் கொஞ்சம். சிங்கப்பூரின் செங்காங்கில் அம்மா, கணவர், மகளுடன் இருக்கிறேன். 2017இல் எனக்குச் சீலியாக் நோய் என்று தெரிந்தது. அதற்கு முந்தைய ஆறு ஆண்டுகள் ரத்தச்சோகை என்று இரும்புச்சத்து மாத்திரை விழுங்கிக்கொண்டிருந்தேன். சோறு சாப்பிடும் வீட்டில் கோதுமை நோய் யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை. கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் இருக்கும் குளூட்டன் என்ற புரதம் உள்ளே போனால், நம் உடலின் எதிர்ப்பாற்றல் நம் சிறுகுடலையே தாக்குகிறது. சத்தை உறிஞ்சும் நுண்ணிய விரல்கள் போன்ற குடலுறிஞ்சிகள் தேய்ந்து தட்டையாகிவிடுகின்றன. இன்றுவரை இதற்கு மருந்து கிடையாது, குளூட்டனை வாழ்நாள் முழுக்க விலக்குவதுதான் சிகிச்சை. அதுவும் எவ்வளவு கடினம் என்றால், நோய் தெரிந்து ஓர் ஆண்டு கழித்தும், குடல் இன்னும் தாக்கப்படுகிறது என்று காட்டும் எதிர்ப்பொருளின் அளவு என் ரத்தத்தில் இறங்கவில்லை. சப்பாத்தி இல்லை, பரோட்டா இல்லை, ரவை இல்லை, சேமியா இல்லை. பிறகு எங்கிருந்து வருகிறது? ஒருநாள் அம்மா சாம்பாருக்குத் தாளிக்கும்போது பெருங்காய டப்பாவை வாங்கித் திருப்பிப் பார்த்தேன். மஞ்சள் டப்பாவின் பின்புறம், எறும்பு அளவு எழுத்தில், "கோதுமை மாவு". கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயம் பலவற்றில் பிசினோடு கோதுமை மாவோ அரிசி மாவோ கலந்திருக்கும். அந்த ஓர் ஆண்டும் தினமும் ஒரு சிட்டிகை எனக்குள் போயிருக்கிறது. அம்மா அன்று அழுதுவிட்டார். அரிசி மாவு கலந்த பெருங்காயத்துக்கு மாறிய எட்டே மாதத்தில் அளவு இயல்புக்கு வந்தது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், ஒரு சிட்டிகைக்கு இவ்வளவு பாடுபட்ட நான்தான் பின்னால் ஒரு கிண்ணத்தைக் கேள்வி கேட்காமல் காலி செய்தேன்.

ஆய்வில் சேரும் எண்ணம் சீலியாக் நோயிலிருந்துதான் தொடங்கியது. இந்த நோய்க்கு மருந்து வரவேண்டுமானால் யாராவது உடலைக் கொடுத்துத்தானே ஆகவேண்டும், அது நானாக இருக்கட்டும் என்று அமெரிக்க அரசின் இணையப் பதிவேட்டில் தேட ஆரம்பித்தேன். அமெரிக்கா, ஐரோப்பா, ஆஸ்திரேலியா என்று வந்தன. சிங்கப்பூரில் ஆள் சேர்க்கும் ஆய்வு ஒன்றும் அப்போது என் கண்ணில் படவில்லை. இருந்தாலும் படிக்கப் படிக்க ஒன்று புரிந்தது: சீலியாக் மருந்தைச் சோதிக்க வேண்டுமானால், பெரும்பாலும் நோயாளிக்குக் குளூட்டனைக் கொடுத்துத்தான் பார்க்க வேண்டும். 2021இல் முடிவு வெளியான இசட்இடி1227 என்ற மருந்தின் ஆய்வில், பங்கேற்றவர்கள் ஆறு வாரம் நாள்தோறும் 3 கிராம் குளூட்டன் சாப்பிட்டார்கள். தொடக்கத்தில் ஒரு முறை, கடைசியில் ஒரு முறை என்று சிறுகுடலிலிருந்து சதை எடுத்துப் பார்த்தார்கள். அந்த மருந்து குடலைக் காக்கிறது என்று நல்ல முடிவு வந்தது, ஆனால் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகக் கொடுக்கும் மருந்தில்லாத மாத்திரை கிடைத்தவர்களின் குடல் அந்த ஆறு வாரத்தில் தேய்ந்தது. யாருக்கு எது கிடைக்கும் என்று முன்கூட்டித் தெரியாது. பெரிதாக நம்பப்பட்ட லாராசோடைட் மருந்தின் மூன்றாம் கட்ட ஆய்வு 2022இல் பாதியிலேயே நிறுத்தப்பட்டது. அவற்றில் சேர்ந்தவர்களை நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன். எனக்கு அந்தத் துணிவு இருந்ததா என்று தெரியும் முன்பே தூரம் தடுத்துவிட்டது.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சந்தேகம் வந்ததுமே சிலர் தாங்களாகவே கோதுமையை நிறுத்திவிட்டு, உடம்பு தேறியதும் "எனக்குச் சீலியாக்" என்று சொல்லிக்கொள்கிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே ரத்தப் பரிசோதனையும், மருத்துவர் சொன்னால் குடல் சதைப் பரிசோதனையும் செய்து, அறிக்கையைப் பத்திரப்படுத்துங்கள். நிறுத்தியபின் சோதித்தால் ஒன்றும் தெரியாமல் போகலாம். பிறகு உறுதிப்படுத்த வாரக்கணக்கில் மறுபடி கோதுமை சாப்பிடச் சொல்வார்கள். சீலியாக் ஆய்வுகள் பலவற்றில் சதைப் பரிசோதனை அறிக்கை இல்லாமல் உங்களைச் சேர்க்கவே மாட்டார்கள்.

சென்ற ஆண்டு பிப்ரவரியில் ஒரு மருந்தகத்தின் அறிவிப்புப் பலகையில் அந்தத் தாளைப் பார்த்தேன். கெட்ட கொழுப்பைக் குறைக்கும் புதிய மருந்துக்கு ஆய்வு, 30 முதல் 60 வயதுக்குள் இருப்பவர்கள் தேவை. என் அப்பா மாரடைப்பில் போனபோது அவருக்கு வயது 52. எனக்கும் கொழுப்பு அதிகம். சீலியாக் ஆய்வுக்குத்தான் போக முடியவில்லை, இதற்காவது பயன்படுவோம் என்று தோன்றியது. முழுதாக முடித்தால் 1,500 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) தருவார்கள் என்பதும் மனத்தில் இருந்தது, அதை மறைக்கவில்லை. மகளின் துணைப்பாட வகுப்புக் கட்டணம் அப்போதுதான் ஏறியிருந்தது.

முதல் சந்திப்பில் 24 பக்க ஒப்புதல் படிவம் கொடுத்தார்கள். சிங்கப்பூரில் புதிய மருந்தை மனிதர்களிடம் சோதிப்பதற்குத் தனி விதிமுறைகள் உண்டு. சுகாதார அறிவியல் ஆணையமும் ஆய்வு நெறிமுறைக் குழுவும் பார்த்து அனுமதித்த பிறகே தொடங்க முடியும். எந்த நிமிடமும், காரணம் சொல்லாமலேகூட விலகலாம், அதனால் நம் வழக்கமான சிகிச்சைக்கு எந்தக் குறையும் வராது. இவையெல்லாம் படிவத்தில் தெளிவாக இருந்தன. அவர்கள் எதையும் ஒளிக்கவில்லை. நான்தான் அங்கேயே உட்கார்ந்து நாற்பது நிமிடத்தில் படித்துக் கையெழுத்துப் போட்டேன். வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படிக்கிறேன் என்று கேட்டால் கொடுப்பார்கள், கொடுக்கத்தான் வேண்டும். இரவு விளக்கைப் போட்டுக்கொண்டு வீட்டில் படித்திருந்தால், யாரைச் சேர்க்கக் கூடாது என்ற பகுதியைக் கேட்டு வாங்கியிருப்பேன். நமக்குத் தரும் படிவத்தில் அது சுருக்கமாகத்தான் இருக்கும். முழுப் பட்டியல் ஆய்வுத் திட்டத்தில் இருக்கிறது. அதில் ஒரு வரி: "மருந்து உறிஞ்சப்படுவதைப் பாதிக்கக்கூடிய குடல் நோய் உள்ளவர்கள்." வாயால் விழுங்கும் மருந்துக்கான ஆய்வுகளில் அடிக்கடி காணப்படும் வரி இது. குடல் ஆறிய சீலியாக் நோயாளியை இந்த வரி தடுக்குமா தடுக்காதா என்பதை ஆய்வு மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். அவர் முடிவு செய்ய வேண்டுமானால் என் நோய் அவர் கண்ணில் பட வேண்டும். அவர் கண்ணில் பட்டதோ "கோதுமை ஒவ்வாமை".

ஒவ்வாமை என்று எழுதியதால் இன்னொன்றும் நடந்தது. ஏப்ரல் கடைசியில் மூன்று இரவுகள் வார்டில் தங்க வேண்டியிருந்தது. மணிக்கொரு தடவை ரத்தம் எடுப்பார்கள். எல்லாருக்கும் ஒரே உணவு, ஒரே நேரம், அரை மணிக்குள் முழுவதையும் சாப்பிட்டுவிட வேண்டும். உணவு மாறினால் ரத்தத்தில் மருந்தின் அளவும் மாறும் என்பதால் இந்தக் கட்டுப்பாடு. அது நியாயம்தான். முதல் நாள் காலை ரொட்டியும் முட்டையும் வந்தன. எனக்கு மட்டும் ரொட்டிக்குப் பதிலாக ஒரு கிண்ணத்தில் சோளச் செதில்களும் பாலும். அந்த வார்டில் இருந்த தமிழ்த் தாதி, இருபத்தைந்து வயது இருக்கும், சிரித்துக்கொண்டே தட்டை வைத்தார்.

"அக்கா, உங்களுக்குக் கோதுமை இல்லாமல் தனியாகக் கொண்டுவரச் சொல்லிவிட்டேன்."

"இதில் மால்ட் சேர்த்திருக்கிறார்களா? பாக்கெட்டைக் கொஞ்சம் பார்க்கலாமா?"

"பாக்கெட் சமையலறையிலேயே இருக்கும் அக்கா. கோதுமை இல்லை என்று உறுதியாகச் சொன்னார்கள். நேரம் ஓடுகிறது, சாப்பிட்டுவிடுங்கள்."

சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தேன். முந்தின இரவு ஒன்பது மணியிலிருந்து பட்டினி. கையில் ஊசி செருகியிருந்தார்கள். கிண்ணத்தில் பால் ஊறி, செதில்களின் ஓரம் பழுப்பாகச் சுருண்டுகொண்டிருந்தது. இப்போதும் அந்த நிறம் கண்ணுக்குள் நிற்கிறது. சோளச் செதில்களில் சுவைக்காக மால்ட், அதாவது பார்லியை முளைகட்டிச் செய்வது, சேர்ப்பது வழக்கம். எனக்கு அது தெரியும், தெரிந்துதான் கேட்டேன். கேட்டுவிட்டு, மால்ட்டைப் பற்றிப் பதில் வராமலே சாப்பிட்டேன். மூன்று காலையும் சாப்பிட்டேன். கோதுமை ஒவ்வாமை உள்ளவருக்கு அந்தக் கிண்ணத்தைக் கொடுப்பதில் சமையலறை பெரிய தவறு எதையும் கண்டிருக்காது. சீலியாக் நோயாளிக்குப் பார்லியும் கோதுமையும் ஒன்றுதான். தமிழில் பார்லிக்கு வாற்கோதுமை என்றே பெயர் இருக்கிறது, அந்தப் பெயரையே படிவத்தில் எழுதியிருந்தால் யாராவது யோசித்திருப்பார்கள் என்று பிறகு எத்தனையோ தடவை நினைத்தேன்.

மூன்றாம் நாள் பிற்பகல் வயிறு கல்லாக உப்பியது. இரவில் வாந்தி, விடியும்வரை வயிற்றுப்போக்கு. வீட்டுக்கு அனுப்பிய பிறகும் ஆறு நாள் மாத்திரையைத் தொடர்ந்து போட்டேன். தலை மந்தமாக, கை கால் அசதியாக, எம்ஆர்டி ரயிலில் நிற்க முடியாமல் தரையில் உட்கார்ந்துவிட்டேன். பத்தாம் நாள் பரிசோதனையில் கல்லீரல் நொதி ஒன்று இயல்பைவிட இரண்டு மடங்கு ஏறியிருந்தது. மாத்திரையை நிறுத்தினார்கள். அப்போதுதான் ஆய்வு மருத்துவர் என்னை உட்காரவைத்து முழு வரலாற்றையும் கேட்டார். "சீலியாக்" என்று நான் சொன்னதும் அவர் பேனா நின்றது. குடல் நோய் வரியைக் காட்டி, நான் சேர்ந்திருக்கவே கூடாது என்றார். ஒரு வாரத்தில் என்னை ஆய்விலிருந்து நீக்கிவிட்டார்கள்.

எனக்குக் கோபம் வந்தது, அழுகையும் வந்தது. ஆனால் நாள் ஆக ஆக வேறொன்று அரித்தது. என் வாந்தியும் கல்லீரல் எண்ணும் அந்த மருந்தின் பக்கவிளைவுகளாக இருக்கலாம் என்று பதிவாகியிருக்கின்றன. மருந்தா, குளூட்டனா, யாராலும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. குளூட்டன் பட்டால் சீலியாக் நோயாளிக்குக் கல்லீரல் நொதிகள் ஏறுவது உண்டு, மருந்தாலும் ஏறலாம். எனக்குக் கிடைத்தது மருந்தா, மருந்தில்லாத மாத்திரையா என்பதும் தெரியாது. என் குடல் மருத்துவர் எதிர்ப்பொருள் பரிசோதனை செய்தார். இயல்பாகவே வந்தது. சில நாள் மட்டும் குளூட்டன் பட்டால் அந்த அளவு உயராமலும் போகும் என்றார். ஆகவே என்னிடம் ஆதாரமும் இல்லை. அப்பாவைப் போன்றவர்களுக்கு உதவட்டும் என்று போனவள், அந்த மருந்தின் கணக்கில் குழப்பத்தைக் கலந்துவிட்டு வந்தேன். உங்கள் நோயைச் சரியாகப் பதிவு செய்யச் சொல்வது தொந்தரவு கொடுப்பதாகத் தோன்றினால் இதை நினைத்துக்கொள்ளுங்கள். பதிவு சரியாக இருந்தால்தான் ஆய்வுக்கும் நல்லது.

பணக்கணக்கையும் சொல்கிறேன். 1,500 வெள்ளியில் எனக்கு வந்தது 420. முடித்த சந்திப்புகளுக்கு மட்டும்தான் தருவார்கள், படிவத்தின் 17ஆம் பக்கத்தில் அது இருந்தது. நான்கு நாள் ஆண்டு விடுப்பும் ஐந்து நாள் சம்பளமில்லா விடுப்பும் போயின, அதில் ஏறக்குறைய 750 வெள்ளி இழப்பு. ஆய்வுக்குப் போகும் நாளுக்கு மருத்துவ விடுப்பு கிடைக்கும் என்று தப்பாக நினைத்திருந்தேன். குடல் மருத்துவருக்கும் ரத்தப் பரிசோதனைக்கும் 340 வெள்ளி. கல்லீரல் எண் இயல்புக்குத் திரும்பும்வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போய்வந்ததில் ஜூலை ஆகிவிட்டது. மருத்துவச் செலவைக் கேட்டபோது, ஆய்வு மருந்தால் வந்த பாதிப்புக்குத்தான் காப்புறுதி, உணவால் வந்ததற்கு இல்லை என்றார்கள். படிவத்தின் கடைசிப் பக்கத்தில் நெறிமுறைக் குழுவின் தொலைபேசி எண் இருக்கும். மூன்று வாரம் தயங்கிவிட்டு அழைத்தேன். எடுத்தவர் பொறுமையாகக் கேட்டார், எழுதி அனுப்பச் சொன்னார். தேதி, நேரம், கிண்ணம், என் கேள்வி, வந்த பதில் என்று ஒன்றரைப் பக்கம் எழுதினேன். ஒரு மாதத்தில் 340 வெள்ளியும் திரும்ப வந்தது, மன்னிப்புக் கடிதமும் வந்தது. அந்த எண்ணை அழைப்பதற்குத் தயங்காதீர்கள், அது நமக்காகத்தான் அச்சிடப்பட்டிருக்கிறது. உடம்புக்கு வந்தால் அன்றே நேரத்தோடு குறித்துவையுங்கள், தட்டைப் படம் எடுத்துவையுங்கள். நான் அப்படிச் செய்யாததால் பாதியை நினைவிலிருந்துதான் எழுத வேண்டியதாயிற்று.

மாத்திரையைப் பற்றியும் கேட்க வேண்டும். மருந்துப் பொருளைத் தவிர மாத்திரையில் மாவுப்பொருள் சேர்ப்பார்கள். பெரும்பாலும் அது சோளம் அல்லது உருளைக்கிழங்கிலிருந்து வருகிறது, கோதுமையாக இருப்பது அரிது, ஆனால் இருக்கவே இருக்காது என்று சொல்ல முடியாது. மருந்து, மருந்தில்லாத மாத்திரை இரண்டையும் பற்றி ஆய்வு மருந்தாளரிடம் கேளுங்கள். யாருக்கு எது கிடைக்கிறது என்ற ரகசியம் உடையாமலே அவர் நிறுவனத்திடம் கேட்டுச் சொல்ல முடியும். நான் இதைக் கேட்டது நீக்கப்பட்ட பிறகு. இரண்டிலும் சோள மாவுதான் என்று நான்கு நாளில் பதில் வந்தது. நான்கே நாள்!

இப்போது என் கைப்பையில் ஒரு பிளாஸ்டிக் உறை இருக்கிறது. அதில் குடல் மருத்துவர் கொடுத்த ஒரு பக்கக் கடிதம். சதைப் பரிசோதனை நடந்த ஆண்டு, கடைசி எதிர்ப்பொருள் அளவு, "இது ஒவ்வாமை அல்ல, எதிர்ப்பாற்றல் நோய், கோதுமை, பார்லி, ரை மூன்றும் கூடாது, குளூட்டன் பத்து லட்சத்தில் 20 பங்குக்கு மேல் உள்ள உணவு கூடாது" என்ற வரிகள். அந்த 20 என்பது உலகளவில் ஏற்றுக்கொள்ளப்பட்ட வரம்பு. வாயால் நாம் சொல்வதைவிட மருத்துவரின் கடிதத்தை உடனே படிவத்தோடு இணைக்கிறார்கள். உள்ளூர் உணவில் எங்கே ஒளிந்திருக்கிறது என்று பின்புறம் நானே எழுதிவைத்திருக்கிறேன்: சோயா சாஸ், அதில் பிரட்டிய பீ ஹூன் என்ற அரிசிச் சேமியா, மால்ட் கலந்த மைலோ பானம், கஞ்சியின் மேல் தூவும் பொரித்த மாவுத் துண்டு, கூட்டுப் பெருங்காயம். சமையலறையில் இருப்பவர்களுக்குக் "குளூட்டன்" என்ற சொல்லைவிட இந்தப் பட்டியல் எளிதில் புரிகிறது.

இந்த ஜனவரியில் இன்னொரு ஆய்வுக்கு அழைத்தார்கள். குடும்பத்தில் மாரடைப்பு உள்ளவர்களின் ரத்தத்தை மட்டும் எடுத்துப் பார்க்கும் ஆய்வு, மருந்து எதுவும் கிடையாது, ஒரே நாள். வேண்டாம் என்றார் கணவர். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. நான் கடிதத்தை மின்னஞ்சலில் அனுப்பி, ரத்தம் எடுத்தபின் தரும் சிற்றுண்டி என்ன, அதன் பாக்கெட்டின் பின்புறத்தைப் படம் எடுத்து அனுப்ப முடியுமா என்று கேட்டேன். இரண்டு நாள் கழித்துப் படம் வந்தது. பிஸ்கட், கோதுமை மாவு என்று முதல் வரியிலேயே இருந்தது. அவர்களே, வீட்டிலிருந்து கொண்டுவந்து சாப்பிடலாம், ஆய்வுக்கு அதனால் தடையில்லை என்று எழுத்தில் அனுப்பியிருந்தார்கள். வியாழக்கிழமை காலை அம்மா ஐந்து மணிக்கு எழுந்து நான்கு இட்லி வைத்துக் கொடுத்தார். அங்கே போனதும் படிவத்தை வாங்கி, என் நோயின் பெயர் எழுதிய இடத்தை முதலில் பார்த்தேன். எழுத்துப் பிழை ஒன்று இருந்தது. திருத்தித் தரச் சொன்னேன். திருத்தினார்கள்.